ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு சிறப்பு விருந்து: சென்னையில் எந்த உணவகம்?

பிறந்த நாளோ, பள்ளியின் முதல் ஆண்டு விழாவோ, ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்திருக்கும் வாரமோ, ஏதோ ஒரு காரணத்தை முன்னிட்டு நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தையை வெளியே சாப்பிட அழைத்துச் செல்ல வேண்டும் என்று சென்னையில் ஒரு குடும்பம் முடிவு செய்தால், பேச்சில் பெரும்பாலும் நான்கு யோசனைகள் வரும். மெக்டொனால்ட்ஸ் போன்ற பர்கர் கடை ஒன்று. மேஜையிலேயே கரி அடுப்பை வைத்துச் சுட்டுத் தரும் பஃபே உணவகம் இரண்டாவது. நட்சத்திர விடுதியின் ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்து மூன்றாவது. பழைய டிபன் ஹோட்டல் நான்காவது. இந்தக் கடைசி யோசனையை யாராவது சொன்னால், "அங்கேதான் எப்பவும் போறோமே" என்று வீட்டில் உடனே தள்ளிவிடுவார்கள். இந்த வயதுக் குழந்தைக்கு அதுதான் மற்ற மூன்றையும் விடச் சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அங்கே போகும் நேரத்தையும் அமரும் இடத்தையும் கேட்கும் பண்டங்களையும் கவனமாகத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே அது அப்படி அமையும்.

ஒப்பிடுவதற்கு முன் எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். விலை, அலங்காரம், வகைகளின் எண்ணிக்கை ஆகியவை பெரியவர்களின் அளவுகோல்கள். ஐந்து வயதில் நாற்பது வகைப் பண்டங்களும் நான்கு வகைப் பண்டங்களும் ஒன்றுதான், ஏனென்றால் குழந்தை இரண்டைத்தான் சாப்பிடப் போகிறது. குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. உட்கார்ந்ததிலிருந்து தட்டு வரும்வரை எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? அந்த நேரத்தில் கண்ணுக்கு என்ன கிடைக்கும்? தன் கையாலேயே எடுத்துச் சாப்பிட முடியுமா? தனக்கு வேண்டியதைத் தானே வாய் திறந்து கேட்க முடியுமா? போதும் என்று தோன்றியதும் எழுந்து போக முடியுமா? இவற்றுள் கடைசிக் கேள்வியைத்தான் பெற்றோர் அதிகம் மறக்கிறார்கள்.

பஃபே உணவகத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் பிறந்த நாள் என்றதும் இன்று முதலில் நினைவுக்கு வருவது அதுதான். பார்பிக்யூ நேஷன் போன்ற இடங்களில் மேஜையின் நடுவே கரி அடுப்பைப் பதிக்கிறார்கள். கம்பியில் கோத்த பனீர், காளான், அன்னாசித் துண்டு, கோழி, இறால் ஆகியவை அதன்மேல் வந்துகொண்டே இருக்கும். மேஜையில் ஒரு சிறு கொடி நிற்கும். அதைச் சாய்க்கும்வரை பரிமாறுவதை நிறுத்த மாட்டார்கள். கொடியை ஏற்றுவதும் இறக்குவதும் தன் பொறுப்பு என்றால் எந்தக் குழந்தைக்கும் பெருமையாகத்தான் இருக்கும். பிறந்த நாள் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பணியாளர்கள் கூடி நின்று கைதட்டிப் பாடுவார்கள். அதில் பூரித்துப் போகும் குழந்தைகளும் உண்டு, பயந்து அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு. தன் குழந்தை எந்த வகை என்பது பெற்றோருக்குத் தெரியும்.

ஆனால் அந்த அடுப்பு குழந்தையின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, கம்பிகளும் சுடுகின்றன. எனவே பெரியவர்களில் ஒருவர் சாப்பாட்டை விட்டுவிட்டு முழு நேரமும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அடுப்பில் சுட்டவை, பிறகு தனி மேஜைகளில் அடுக்கிய முதன்மை உணவு, பிறகு இனிப்பு என்று அங்கே சாப்பாடு நீண்டுகொண்டே போகும். ஐந்து வயதுக் குழந்தையின் பொறுமையோ முதல் அரை மணியிலேயே கரைந்துவிடும். இவை எல்லாவற்றையும் விட எனக்கு உறுத்துவது கட்டண முறைதான். தலைக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்ட பிறகு, குழந்தை நான்கு மக்காச்சோள மணிகளையும் ஒரு குல்ஃபியையும் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றால், "காசு கொடுத்தாச்சு, இன்னும் கொஞ்சம் சாப்பிடு" என்ற சொல் எப்படியும் வந்துவிடுகிறது. குழந்தைகளுக்குக் கட்டணம் குறைவுதான், மிகச் சிறியவர்களுக்கு இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் பெரியவர்கள் தாங்கள் கொடுத்த தொகைக்கு உண்டு முடிக்கும்வரை குழந்தை நாற்காலியில் அடைபட்டிருக்க வேண்டியதுதான். கொண்டாட வந்த குழந்தையை வற்புறுத்தி ஊட்டுவதை விட வருத்தமான பிறந்த நாள் எனக்குத் தோன்றவில்லை.

பர்கர் கடையைப் பற்றிப் பேசும்போது பலரிடம் ஓர் ஏளனம் தென்படுகிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. மெக்டொனால்ட்ஸ் 1996-இல் இந்தியாவுக்கு வந்தது. மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இல்லாத பட்டியல், சைவத்துக்குத் தனிச் சமையல் பகுதி என்று இங்குள்ள வீடுகளின் பழக்கத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. அமெரிக்காவில் 1979-இல் தொடங்கிய ஹேப்பி மீல் என்ற பெட்டியில் ஓர் உண்மையான புரிதல் இருக்கிறது: குழந்தைக்கென்று தனியாக ஒரு பெட்டி, அதைத் தானே திறக்கலாம், உள்ளே இருப்பதைக் கையால் எடுத்துச் சாப்பிடலாம், கூடவே ஒரு பொம்மை. காத்திருப்பும் சில நிமிடங்கள்தான். புது இடம், புது வாசனை, கூச்சல் ஆகியவற்றால் கலங்கிவிடும் குழந்தைகளுக்கு, குறிப்பாக ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் சிலருக்கு, எந்தக் கிளைக்குப் போனாலும் அதே சுவை, அதே பெட்டி என்ற உறுதி பெரிய ஆறுதல். அப்படிப்பட்ட குழந்தை உள்ள வீட்டுக்கு இந்த ஒப்பீட்டில் முதலிடம் பர்கர் கடைக்குத்தான். அதில் யாரும் குற்றம் காண வேண்டியதில்லை.

மற்ற குழந்தைகளுக்கு அதன் குறை வேறு. பொம்மை கைக்கு வந்ததும் சாப்பாடு முடிந்துவிடுகிறது, பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை. வறுத்த உருளைக்கிழங்கில் உப்பு கூடுதல். குளிர்பானத்துக்கு மாற்றாக வேறு பானம் உண்டா என்று கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அடுத்த முறை குழந்தை கேட்பது அந்த இடத்தை அல்ல, அந்த மாதத்துப் பொம்மையை.

நட்சத்திர விடுதியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பணியாளர்கள் பொறுமையானவர்கள், உயரமான குழந்தை நாற்காலி கிடைக்கும், கழிப்பறை தூய்மையாக இருக்கும், தாத்தா பாட்டிக்கு வசதியாக இருக்கும். ஆனால் பளிங்குத் தரையும் கண்ணாடிக் கோப்பைகளும் பெற்றோரைப் பதற்றப்படுத்துகின்றன, "ஓடாதே, தொடாதே, சத்தம் போடாதே" என்பதே அன்றைய உரையாடலாகிவிடுகிறது. செலவையும் முன்பே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி 5 விழுக்காடு. அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் விடுதிகளின் உணவகங்களில் அது 18 விழுக்காடு. சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி டிபன் ஹோட்டல். திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயை எடுத்துக்கொள்வோம். வடக்கே மதுராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் 1948-இல் தொடங்கிய அந்தக் கடையில் இரண்டு இட்லியை வைத்து, அவை மூழ்கும்வரை சாம்பாரை ஊற்றுகிறார்கள். தீர்ந்தால் மறுபடியும் ஊற்றுகிறார்கள். வீட்டில் தட்டின் ஓரத்தில் அளந்து வைக்கும் சாம்பார் இங்கே வெள்ளமாக வருவதைக் காணும் குழந்தையின் கண்கள் விரிவதற்கு வேறு அலங்காரம் எதுவும் தேவையில்லை. சரவண பவன் போன்ற கடைகளில் நெய் மிதக்கும் சாம்பாரில் பதினான்கு குட்டி இட்லிகள் வருகின்றன. எண்ணிக்கொண்டே சாப்பிடலாம் என்பதால் எண்களைப் புதிதாகக் கற்ற குழந்தைக்கு அதுவே ஒரு விளையாட்டு. பல கடைகளில் நெய் ரோஸ்டைக் கூம்பாகச் சுருட்டி நிறுத்திக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அது குழந்தையின் தலைக்கு மேலே நிற்கும், நுனியிலிருந்து உடைத்துக்கொண்டே இறங்கலாம். சோலா பூரியோ உப்பிய நிலையில் மேஜைக்கு வந்து, விரலால் குத்தியதும் ஆவி பறக்கச் சுருங்குகிறது. பஃபேயில் பணம் கொடுத்து ஏற்பாடு செய்யும் வேடிக்கை இங்கே தட்டிலேயே வந்துவிடுகிறது.

கேட்டு வாங்கும் அனுபவமும் இங்கேதான் முழுமையாகக் கிடைக்கிறது. பர்கர் கடையில் அப்பா தொடுதிரையில் அழுத்துகிறார், பஃபேயில் யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை. டிபன் ஹோட்டலில் சர்வர் குனிந்து, "தம்பிக்கு என்ன வேணும்?" என்று நேராகக் குழந்தையிடமே கேட்பார். "அண்ணா, எனக்கு ஒரு கோன் தோசை, சட்னி காரம் இல்லாம" என்று அது தானே சொல்லி, சொன்னது அப்படியே வந்து சேர்வதில் கிடைக்கும் மதிப்பு சிறியதல்ல. குழந்தை கேட்டது பிடிக்காமல் போனாலும் பெரிய இழப்பில்லை, மீதியை அப்பா சாப்பிட்டுவிடுவார், வேறொன்றைச் சொல்லலாம். அரை மணியில் எழுந்து போனாலும் யாருக்கும் வருத்தமில்லை.

ஒரு காலத்தில் இந்த நகரத்தில் இவை அனைத்தும் ஒரே இடத்தில் கிடைத்தன. கதீட்ரல் சாலையில் 1962 முதல் 2008 வரை இயங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்தில் மர நிழலில் காரை நிறுத்தினால், கதவில் மாட்டும் தட்டில் டிபன் வரும்; குழந்தைகள் சாப்பிட்ட பாதியில் இறங்கி ஓடலாம். அந்த நிலத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கிறது. ஓடுவதற்கு இடம் விட்ட உணவகம் அதற்குப் பிறகு நகரின் நடுவில் அமையவே இல்லை என்பதை நான் உண்மையான இழப்பாகவே நினைக்கிறேன். புறநகரில் விளையாட்டுக் கூடத்தோடு சேர்ந்து வரும் உணவகங்கள் அந்த இடத்தை நிரப்பவில்லை. அங்கே குழந்தை விளையாடுகிறது, சாப்பிடுவதில்லை.

டிபன் ஹோட்டலின் குறைகளையும் மறைக்கக் கூடாது. ஞாயிறு காலையில் போனால், சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் நிற்கும் நெரிசலில் குழந்தை மிரண்டுவிடும். குழந்தை நாற்காலி பல கடைகளில் இருக்காது, கழிப்பறையின் நிலை கடைக்குக் கடை மாறும். வெண்பொங்கலில் முழு மிளகும் முந்திரியும் கிடக்கும். மிளகைக் கடித்துவிட்டால் அன்றைய விருந்து அத்தோடு முடிந்துவிடும், ஐந்து வயதுக்குக் கீழே முழுப் பருப்புகள் தொண்டையில் அடைக்கும் ஆபத்தும் இருப்பதால் முந்திரியைப் பொடித்துக் கொடுக்க வேண்டும். ஏசி ஹால் வேண்டாம் என்பது என் யோசனை. விலை கூடுதல் என்பதோடு, அங்கே உட்கார்ந்தால் வாளியோடு ஓடும் சர்வரும் தெரியாது, டபராவில் காபி ஆற்றுவதும் தெரியாது. எதுவும் தெரியாத இடத்தில் குழந்தை கைபேசியைத்தான் கேட்கும். மாலை நான்கரை மணி வாக்கில், வார நாளில் போய், சாதாரண ஹாலில் அடுப்படியை ஒட்டிய மேஜையைப் பிடிப்பதே சரி.

அசைவம் இல்லாமல் விருந்தில்லை என்கிற வீடுகளுக்கு, அண்ணா சாலையில் 1951 முதல் இருக்கும் புகாரி போன்ற பழைய கடைகள் உண்டு. பிரியாணி ருசியானதே ஆனாலும் காரமும் எலும்பும் இந்த வயதுக்குச் சிக்கல். அதைவிட, மாலையில் வாசலிலேயே கல்லை வைத்துப் பரோட்டா வீசும் கடையில் குழந்தைக்கு வேடிக்கை அதிகம். மாஸ்டர் மாவை வீசி விரிப்பதும், கொத்துப் பரோட்டாவின் தாளமும் கேட்கக் கேட்க, பரோட்டாவைப் பிய்த்துப் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொடுத்தால் காரமில்லாமல் சாப்பிட்டுவிடும்.

எந்தக் கடைக்குப் போனாலும் சில பண்டங்களைத் தவிர்க்க வேண்டும். திரவ நைட்ரஜனில் தோய்த்துப் புகை வரச் செய்யும் பிஸ்கட், பீடா போன்றவை குறித்துத் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை 2024 ஏப்ரலில் எச்சரித்தது. வாயில் இருந்து புகை விடும் ஆசையில் குழந்தைகள்தான் அவற்றை அதிகம் கேட்பார்கள், கொடுக்கவே கூடாது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. சாண்ட்விச்சிலும் ஷவர்மாவிலும் வரும் மயோனைஸ் முட்டை சேராததா என்று கேட்டுவிடுவது நல்லது. கடற்கரைக்குப் போகும் வழியில் அடர்த்தியான நிறத்தில் பஞ்சு மிட்டாய் தென்பட்டால், ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் அதை இங்கே தடை செய்தார்கள் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைக்கு எட்டு, ஒன்பது வயதானால் இந்த வரிசை மாறும். அப்போது சூட்டுக்கு எச்சரிக்கையாக இருக்கத் தெரியும், தட்டை ஏந்திக்கொண்டு தானே நடந்து போய் எடுக்கத் தெரியும், கொடுத்த காசுக்குச் சாப்பிடும் பசியும் வந்திருக்கும். பஃபே உணவகம் அந்த வயதில் முதலிடத்துக்கு வரலாம். அதுவரை அந்தப் பணத்தில் நான்கைந்து மாலைகள் டிபன் ஹோட்டலுக்குப் போய் வரலாம்.