பி.எல்.டி.சி ஃபேனா சாதா ஃபேனா, 3 ஸ்டார் ஏசியா 5 ஸ்டாரா: வடசென்னை வீட்டுக்கு எது கட்டுப்படியாகும்?

கடையில் ஸ்டாரை எண்ணுவதற்கு முன் வீட்டில் கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்கள். தண்டையார்பேட்டையில் தனி மீட்டர் உள்ளவருக்கும், அதே தெருவில் சப்-மீட்டர் பார்த்து யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று ஹவுஸ் ஓனரிடம் கொடுக்கும் குடித்தனக்காரருக்கும் ஒரே ஃபேன் ஒரே லாபத்தைத் தராது. தனி மீட்டருக்கு, இரண்டு மாத பில்லுக்கு 100 யூனிட் என்று 2016-இல் வந்த இலவசம் உண்டு. அதற்கு மேல்தான் படிப்படியாக விலை ஏறும். சப்-மீட்டர்காரர் முதல் யூனிட்டுக்கே முழு விலை கொடுக்கிறார்.

முதலில் ஃபேன். 48 அங்குல சாதா ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும், எலக்ட்ரானிக் போர்டு வைத்து ஓடும் மோட்டார் உள்ள பி.எல்.டி.சி 30 வாட். ஒரே அறையில் குடும்பமே இருக்கும் வீட்டில் ஃபேன் நாளுக்கு 18 மணி நேரம் ஓடுவது சாதாரணம். 60 நாளில் 1080 மணி நேரம். சாதா ஃபேனுக்கு 81 யூனிட், பி.எல்.டி.சி-க்கு 32 யூனிட். மிச்சம் 49 யூனிட். சப்-மீட்டர் வீட்டில் இது 390 ரூபாய். பி.எல்.டி.சி-க்குக் கூடுதலாக 1,500 ரூபாய் கொடுத்திருந்தால் எட்டு மாதத்தில் கைக்கு வந்துவிடும். ஃபேனைக் கழற்றி அடுத்த வீட்டுக்கும் கொண்டு போகலாம். குடித்தனக்காரர்தான் இதை முதலில் வாங்க வேண்டும் என்று சொல்வோம்.

தனி மீட்டரில் 90 யூனிட்டுக்குள் முடிக்கும் வீட்டுக்கோ பணத்தில் லாபம் ஒன்றுமில்லை. சப்-மீட்டர் வீட்டில்கூட, நாளுக்கு நாலு மணி நேரம் ஓடும் சமையலறை ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்துக்கு 11 யூனிட்தான் மிச்சம், போட்ட பணம் திரும்ப மூன்று வருடம் ஆகும். அங்கே சாதா ஃபேனே போதும். அது மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டென்சர் பலவீனமாகியிருக்கும். 2.5 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர் ஒன்றை வாங்கிக் கொடுத்தால் தெரு எலக்ட்ரீஷியனே பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார்.

பி.எல்.டி.சி-யில் இந்த வசதி கிடையாது. அதில் போவது எலக்ட்ரானிக் போர்டு. பெரும்பாலும் அந்தக் கம்பெனி போர்டுதான் பொருந்தும், வெளியில் எளிதில் கிடைக்காது. போர்டு போக மூன்று காரணங்கள்: சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டர் வழியாகவே இணைப்பது, கரண்ட் போய் வரும்போது ஏறும் வோல்டேஜ், கடலோர ஈரம். ரெகுலேட்டரைக் கழற்றி சுவிட்சிலிருந்து நேராக இணைக்கச் சொல்லுங்கள். இதைக் கவனிக்காமல்தான் பல ஃபேன்கள் முதல் மாதத்திலேயே வாரண்டிக்குப் போகின்றன. காசிமேடு, திருவொற்றியூர் போலக் கடலை ஒட்டிய வீடென்றால், போர்டின் மேல் பூச்சு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். பெட்டியில் வாட் எண்ணோடு காற்றின் அளவையும் பாருங்கள். நிமிடத்துக்கு 210 கன மீட்டருக்குக் குறைந்தால் நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் காணாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இன்னொரு லாபமும் உண்டு: புயல் நாளில் அதே பேட்டரி சாதா ஃபேனைப்போல் இரண்டு மடங்கு நேரத்துக்கு மேல் தாங்கும்.

ஏசியில் கணக்கு வேறு. ஒரு யூனிட் கரண்டுக்கு எவ்வளவு குளிர் தரும் என்பதுதான் ஏசியின் திறன் எண். 2022 ஜூலையில் வந்த அளவுகோல்படி 3 ஸ்டார் ஸ்பிளிட் ஏசிக்கு இது 3.8-இலிருந்து தொடங்கியது, 5 ஸ்டாருக்கு 5-இலிருந்து. திறன் எண் 4 உள்ள ஏசி கோடை இரவுகளில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் எடுத்தால், 5 உள்ளது 240 எடுக்கும். வருடத்தில் மூன்று மாதம் மட்டும் போடுபவருக்கு, இந்த 60 யூனிட்டை வைத்து 5 ஸ்டாரின் கூடுதல் விலையை எடுக்கப் பல வருடம் பிடிக்கும்.

ஆனால் தனி மீட்டரில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்ற எல்லையை மறக்கக்கூடாது. அதைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் குறைகிறது. கோடையில் 540-இல் நிற்கும் வீட்டை இந்த 60 யூனிட் 480-க்கு இறக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு 5 ஸ்டார்தான் சரி. 350-இல் நிற்கும் வீட்டுக்கு 3 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி போதும்.

கடலோரத்தில் ஸ்டாரைவிட அவுட்டோர் யூனிட்டின் ஆயுள் பெரிய விஷயம். காப்பர் காயில் என்று விற்றாலும் அதன் மேல் இருக்கும் மெல்லிய தகடுகள் அலுமினியம்தான். உப்பு ஈரத்தில் காப்பரோடு ஒட்டிய அலுமினியம் முதலில் அரிக்கும், வெள்ளைப் பொடியாக உதிரும். தகடு உதிர்ந்த 5 ஸ்டார் ஏசி, நல்ல நிலையில் உள்ள 3 ஸ்டாரைவிட அதிகக் கரண்ட் இழுக்கும். முழு அலுமினியக் காயிலில் இந்தச் சண்டை குறைவு, ஆனால் ஓட்டை விழுந்தால் பற்றவைக்க ஆள் கிடைப்பது கஷ்டம், காயிலையே மாற்றச் சொல்வார்கள். மணலிப் பக்கம் கந்தக வாடை வரும் இடங்களில் காப்பரே கறுத்து அரிக்கும். ஆக, பூச்சு போட்ட தகடுகளோடு காப்பர் காயில் என்பதே நம் தேர்வு. அவுட்டோரைக் கடல் பார்த்த கிழக்குச் சுவரில் மாட்டாதீர்கள், வடக்குச் சுவர் நல்லது. மாதம் ஒருமுறை ஏசியை அணைத்து, மெயினையும் நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீரை ஹோஸில் மெதுவாக விட்டு உப்பைக் கழுவுங்கள். பிரஷர் பம்ப் வேண்டாம், தகடு மடங்கிவிடும்.

ஃப்ரிட்ஜ் வருடம் முழுக்க ஓடுவதால் அங்கே ஸ்டாருக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. சின்னக் குடும்பத்துக்கு ஐஸ் கட்டும் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜே குறைவாக இழுக்கும். ஐஸ் கனமாகப் படிய விட்டால் மட்டும் அந்த லாபம் போய்விடும். தள்ளுபடியில் வரும் பழைய ஸ்டாக்கில் லேபிளின் செல்லுபடிக் காலத்தைப் பாருங்கள். அளவுகோல் அவ்வப்போது கடுமையாவதால் முந்தைய 5 ஸ்டார் இன்று 4 ஆகவோ 3 ஆகவோ இருக்கலாம். அப்போது ஸ்டாரை விட்டுவிட்டு, ஒரே லிட்டர் அளவுள்ள இரண்டு ஃப்ரிட்ஜ்களின் லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.