இருபத்தேழு ஒன்றேகால்: வைத்திருக்கலாமா, விற்கலாமா?

போன செவ்வாய்க்கிழமை காலை பண்ணைப் பாலத்தில் பாதி தாண்டும்போது பின் ரயர் வெடித்தது. மெல்லக் காற்றுப் போன கதையில்லை, ஒரே வெடி. கரையோரம் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர், இருவரும் என் வயதுக்காரர்கள், முதலில் குனிந்தார்கள், பிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு வாடைக் காற்றுக்கு எதிரே யாழ்ப்பாணப் பக்கம் நடந்தேன். வீட்டுக்கு வந்து ரயரைக் கழற்றிப் பார்த்தால் பக்கச்சுவரில் சின்னவிரல் போகிற அளவு கிழிசல், உள்நூல் நார்நாராகத் தெரிகிறது.

அன்று பின்னேரமே நண்பன் ஒருவன் போன் எடுக்கிறான். நெல்லியடியில் ஒரு வீட்டில் இதே மாதிரிப் பழைய பத்துக் கியர் சைக்கிள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம், ரயரில் 27 x 1¼ என்று போட்டிருக்கிறதாம். "மச்சான், நீயும் இவ்வளவு நாளா உதைத்தானே ஓடுறாய், எடுக்கட்டோ?" என்று கேட்கிறான். எரிந்து விழுந்துவிட்டேன். பாவம், அவன் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் கொஞ்சம் ஆறிய பிறகு இதை எழுதுகிறேன், இந்த அளவுச் சைக்கிளை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும்.

முதலில் அளவுக் கணக்கு. தெரிந்தவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். அந்தக் கால ராலி தொடக்கம் எங்கள் ஊர்ப் பெரிய சைக்கிள்களுக்கு 28 x 1½ ரயர். பொடியன்களின் மவுண்டன் சைக்கிளுக்கு 26. இப்போது வருகிற ரேசிங் சைக்கிளுக்கு 700. ரயரில் பெரிதாக அச்சடித்திருக்கும் இந்த இலக்கங்களை நம்பக்கூடாது. பக்கத்தில் சின்ன எழுத்தில், நடுவே கோடு போட்டு இரண்டு இலக்கம் இருக்கும், 32-630 மாதிரி. பின்னால் வருகிற மூன்று இலக்கம்தான் றிம்மில் ரயர் குந்துகிற இடத்தின் விட்டம், மில்லிமீற்றரில். ஊர் 28 க்கு அது 635. என்னுடைய 27 க்கு 630. 700 க்கு 622. இதற்குள் இன்னொரு குழப்பம், 700 ரயர்கள் பலவற்றிலும் 28 என்று ஒரு இலக்கம் சேர்ந்தே இருக்கும், அதாவது 28 என்று பெயர் போட்ட ரயர் 27 ஐ விடச் சின்னது! ஒரு பக்கம் ஐந்து மில்லிமீற்றர் பெரியது, மறுபக்கம் எட்டு மில்லிமீற்றர் சின்னது, நடுவில் தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளை போல இந்த 27. இங்கிலாந்துக்காரர் ஒரு காலம் தங்கள் ரேசிங் மாதிரிச் சைக்கிள்கள் பலவற்றுக்கு இதைத்தான் போட்டார்கள். எண்பதுகளில் 700 வந்து மூடிவிட்டது.

27 க்குப் பெரியதைப் போடுவது, சின்னதைப் போடுவது, இந்த இரண்டு பிழைகளையும் நான் செய்து பார்த்துவிட்டேன். 2022 ஆடியில், பெற்றோலுக்கு வரிசையில் நாள் கணக்காக நின்று, பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தும் நெருக்கடி ஆறாமல் இருந்த நேரம், அப்பாவின் சைக்கிளைப் பின் கொட்டிலில் இருந்து இறக்கினேன். ரயர் இரண்டும் வெயிலில் கிடந்த அப்பளம் மாதிரி உடைந்தன. டவுனில் ஒரு கடையில் அளவைச் சொன்னேன். "உது 28 தான் தம்பி, ரெண்டும் ஒண்டு, இழுத்துப் போட்டால் சரி" என்று ஒரு 28 x 1½ ஐத் தந்தார்கள். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, தானாக விழுந்தது. அதுதான் ஆபத்து என்று அப்போது தெரியவில்லை. நாற்பது இறாத்தல் காற்று ஏறும்போது ஒரு பக்கம் றிம்மை விட்டு மெல்ல எழும்பியது, ரியூப் பலூன் போல வெளியே வந்து வெடித்தது. நல்லவேளை முற்றத்தில் நின்றுதான் காற்றடித்தேன். இன்னொரு கடையில் 28 என்று போட்ட வேறொன்று, மெல்லிசு, பார்க்க அச்சு அசல். அது 622. ஒரு மணித்தியாலம் நெம்பினேன். கடைசியில் நெம்பிய கம்பி வழுக்கி என் கைப்பெருவிரல் நகம் கறுத்ததுதான் மிச்சம், ரயர் விளிம்பில் இருக்கும் கம்பி நீளாது என்ற அடிப்படையை அன்றைக்குப் படித்தேன். கடைக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நாற்பது வருடமாக அவர்கள் கையில் வராத அளவு. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம், அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

பிறகு லண்டனில் இருக்கும் அத்தானுக்குச் சொல்லி, நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது இரண்டு கொண்டுவந்தார். ஷ்வால்பே, கொன்டினென்டல், பனாரேசர், கெண்டா என்று இன்னும் 27 செய்கிற கொம்பனிகள் இருக்கின்றன, எனவே உலகத்தில் இல்லாத பொருள் அல்ல. யாழ்ப்பாணத்தில் இல்லாத பொருள், அவ்வளவுதான். கம்பி விளிம்பு ரயரை மடிக்க முடியாது, ஆனால் எட்டுப் போல முறுக்கி, அந்த எட்டை மீண்டும் மடக்கினால் மூன்று சுற்றாக, ஒரு சாப்பாட்டுக் கோப்பை அகலத்துக்கு வந்துவிடும், சூட்கேசின் அடியில் வைக்கலாம். அத்தானுக்கு அதைப் போனில் படம் பிடித்துக் காட்டினேன். சரி, ஒரு முறை கேட்கலாம், இரண்டு முறை கேட்கலாம். அக்கா பிள்ளைகளுக்கு உடுப்பும், மாமிக்கு மருந்தும் வைக்கிற பெட்டியில் ஒவ்வொரு வருடமும் என் ரயருக்கு இடம் கேட்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இந்த அளவில் எனக்கிருக்கும் உண்மையான பிரச்சினை இதுதான். காசும் அல்ல, தரமும் அல்ல. என் சைக்கிள் ஓடுவதும் நிற்பதும் வேறொருவரின் பயணச்சீட்டில் தங்கியிருக்கிறது.

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் அது அநியாயம். நான் இதுவரை ஓடிய சைக்கிள்களில் இதுபோல ஒன்று இல்லை. பத்துக் கியர் என்றாலும் இந்தத் தட்டை ஊரில் நான் பாவிப்பது மூன்றுதான், அதில் ஒன்று சோழகக் காற்றுக்கு. வைகாசியில் இருந்து ஆவணி வரைக்கும் வேலணைப் பக்கம் போகும்போது காற்று முகத்தில் அடிக்கும், அப்போது ஆட்டுக்கொம்பு ஹாண்டிலின் கீழ்வளைவைப் பிடித்துக் குனிந்தால் சைக்கிள் காற்றுக்குக் கீழே புகுந்து போகிற மாதிரி இருக்கும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். கடல் இரண்டு பக்கமும், ரயர் தார் ரோட்டில் உரசுகிற அந்த மெல்லிய "ஸ்ஸ்" சத்தம் மட்டும். ஊர் 28 கல்லில் ஏறினால் கல் தெரியாது, ஆனால் உழவு மாடு போல இழுக்க வேண்டும். இப்போதைய 700, அதிலும் 23, 25 அகலத்தில் வருகிறவை, எங்கள் ஒழுங்கைகளில் முதுகெலும்பை எண்ணும். ஒன்றேகால் அகலம் இரண்டுக்கும் நடுவே சரியாக நிற்கிறது. புங்குடுதீவுக் கோடியில் இருக்கும் குறிகட்டுவான் வரைக்கும் போய்வந்த நாட்களில்கூட அடுத்த நாள் இடுப்பு நோகவில்லை, எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

குறை ஒன்றிரண்டு உண்டு. குரோம் பூசிய இரும்பு றிம், கார்த்திகை மழையில் பிறேக் பிடித்தால் பிடித்த மாதிரியே இருக்காது, இரண்டு கம்பம் முன்னாலேயே பிடிக்க வேண்டும். றிம்மின் உள்விளிம்பில் கொக்கி மடிப்பு இல்லை, நேர்ச்சுவர். புது ரயரில் 90 இறாத்தல் என்று எழுதியிருக்கிறதே என்று அடித்தால் கழன்றுவிடும், நான் 70 க்கு மேல் போவதில்லை. ரியூப்புக்குக் கவலை வேண்டாம், 700 க்கு வருகிற கொஞ்சம் அகலமான ரியூப் இதற்கும் அப்படியே பொருந்தும்.

அப்பா இதை 1982 இல் கொழும்பில் வாங்கினார், ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம். வாங்கிய கொஞ்ச நாளில் ரயிலில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டார், அதனால்தான் 83 ஆடிக் கலவரத்துக்குத் தப்பியது. அவர் கையில் ஒரு பையோடு அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினபோது சைக்கிள் வீட்டில் நின்றது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓடினார்கள், பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம், அந்த நாளில் 27 ரயருக்கு எங்கே போவது? அப்பா பழைய 28 ரயரின் விளிம்புக் கம்பியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை உள்ளே படுக்கை மாதிரி வைத்து, வெளியே தேய்ந்த இடத்தில் ரியூப் துண்டால் இறுக்கிச் சுற்றுவார். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறேக் கட்டையில் "டக், டக்" என்று இடிக்கும். பின் பிறேக்கைத் தளர்த்தி விட்டிருந்தார். யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தில் அந்தச் சைக்கிளைத்தான் நான் தள்ளினேன், அரிசி மூட்டை பாரில், அம்மம்மா கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால். அந்தச் சனத்துக்குள் அப்பாவை நான் தவறவிடாமல் இருந்ததற்கு முக்கிய காரணம் அந்த "டக், டக்" சத்தம், அவர் முன்னால் போனாலும் அதைக் கேட்டு நின்று திரும்பிப் பார்ப்பார்.

எனவே விற்பது பற்றி என்னிடம் கேட்காதீர்கள். மாற்றுவது பற்றி யோசித்தேன், நிறையவே யோசித்தேன். 700 றிம் போட்டால் ரயர்ப் பிரச்சினை தீர்ந்தது. விட்டத்தில் எட்டு மில்லிமீற்றர் குறைவு என்றால் பிறேக் கட்டை நாலு மில்லிமீற்றர் கீழே இறங்க வேண்டும். முன்பக்கம் இறங்கும். பின்பக்கம் கட்டையின் துவாரம் முக்கால்வாசி ஏற்கெனவே கீழே, இன்னும் இரண்டு மில்லிமீற்றர்தான் மிச்சம். ஊர் றிம்மை வாங்கிக் கட்டலாம் என்றால் அதில் கம்பித் துளை முன்னுக்கு 32, பின்னுக்கு 40. என்னுடைய ஹப் இரண்டிலும் 36. புதுச் சில்லு அப்படியே போடலாம் என்றால் அச்சு அகலம் பத்து மில்லிமீற்றர் கூட, பின் போர்க்கை விரிக்க வேண்டும். விரிக்கலாம், இரும்புதானே, விரிப்பார்கள். அப்பாவின் சைக்கிளை நெம்பி விரிப்பதை நின்று பார்க்க என்னால் முடியாது.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன், ஏனென்றால் நியாயமாகப் பேச வேண்டும். ரயர் வெடித்தது ரயரின் பிழையில்லை. போன மாதம் ஒருவருடைய 700 சில்லை வாங்கிப் போட்டுப் பார்க்கிறேன் என்று பின் பிறேக் கட்டைகளைக் கீழே இறக்கினேன். திரும்ப ஏற்றும்போது ஒரு பக்கம் அளவுக்கு மேலே போய்விட்டது. ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் அந்தக் கட்டை றிம்மோடு சேர்த்து ரயரின் பக்கச்சுவரையும் கடித்திருக்கிறது. கழற்றி வைத்துப் பார்த்தேன், கிழிசலுக்கு இரண்டு பக்கமும் நகத்தால் கீறினது போல வட்டமாக ஒரு தேய்மானம், கட்டையின் மேல்விளிம்பில் றப்பர் தூள். அளவு எதுவாக இருந்தாலும் இது நடந்திருக்கும். 28 ஆக இருந்தால் அன்று மத்தியானமே சந்திக் கடையில் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு பின்னேரம் கோயிலுக்குப் போயிருப்பேன். இது 27, இப்போது தை மாதம், அத்தான் வருவது திருவிழாவுக்கு. ஒரு சின்னத் தவறுக்கு ஏழு மாதம் சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கப் போகிறது. ரயர் அரைப்பங்குகூடத் தேயவில்லை, நடுவில் வரிகள் அப்படியே இருக்கின்றன. அதைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் இருந்தபோது எனக்கு அழுகை வந்தது, சும்மா சொல்லவில்லை.

ஆகவே மச்சான், நீ கேட்டதற்குப் பதில்: எடுக்காதே. ஓட்டம் நல்லம், வசதி நல்லம், நான் மேலே எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மை, இருந்தும் எடுக்காதே. உனக்கு லண்டனில் ஆளும் இல்லை, ரொறன்ரோவில் இருக்கும் உன் தம்பி ஊருக்கு வந்து நாலு வருடம். காலையில் வேலைக்குப் போகிற சைக்கிளுக்கு, பத்து நிமிட நடையில் ரயர் கிடைக்க வேண்டும். 28 ஒன்றை எடு, இல்லையென்றால் 700 இல் 32 அகலமாகப் பார்த்து எடு.

ஆனால் எப்படியும் நெல்லியடிப் பக்கம் போகிறாய்தானே, அந்த வீட்டுக்கு ஒருக்கால் போய்ப் பார். ரயரின் பக்கச்சுவரைக் கையால் அழுத்தி வளை, வெடிப்பு இருந்தால் கோடு கோடாக வாய் திறக்கும். அளவு 32-630 தானா என்று சின்ன எழுத்தைப் படம் எடுத்து அனுப்பு. றிம்மில் துளை முப்பத்தாறா என்றும் எண்ணு. எல்லாம் சரியென்றால் விலை பேசாதே, எனக்குச் சொல், முழுச் சைக்கிளையும் நானே எடுக்கிறேன்.