டைம்லரா, ரோல்ஸ் ராய்ஸா: கலியாண வாடகைக்கு எந்தப் பழைய லிமோசின்?

லண்டனில் கலியாண வாடகைக்கு விட நானும் மைத்துனரும் பழைய லிமோசின் தேடியபோது, கடைசியில் இரண்டு பெயர்கள்தான் மிஞ்சின: ரோல்ஸ் ராய்ஸ் ஃபான்டம் 6, டைம்லர் டிஎஸ்420. வாங்கியது டைம்லர். ஆகவே நான் எந்தப் பக்கம் என்று ஒளிக்க ஒன்றுமில்லை.

பந்தாவில் ரோல்ஸ் ராய்ஸை அடிக்க முடியாது. 2011-ல் கேட் மிடில்டன் மணப்பெண்ணாக வந்து இறங்கியதே மகாராணியின் ஃபான்டம் 6-ல்தான். 1968-ல் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் செய்தும் மொத்தம் 374 வண்டிகளே வந்தன. தனி ஷாசி (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்), அதன்மேல் முல்லினர் பார்க் வார்டு பட்டறையில் கையால் செய்து ஏற்றிய உடல். அதை நான் ஓட்டியதில்லை, பின்சீட்டில் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான். சொகுசுக்குக் குறைவில்லை.

டைம்லரும் 1968-ல் வந்ததுதான், ஆனால் பிறந்த விதம் வேறு. ஜாகுவார் 420ஜி காரின் தரைத்தளத்தை 21 அங்குலம் நீட்டி, அதன்மேல் இந்த உடலைக் கட்டினார்கள். தனி ஷாசி கிடையாது. 1979 வரை வாண்டன் பிளாஸ் தொழிற்சாலையில் செய்தார்கள். அது இருந்த இடம் கிங்ஸ்பெரி. நம்மவர்கள் வெம்பிளிக்குச் சாமான் வாங்கப் போகும் வழியில் இருக்கிறதே, அதே ஊர். அப்புறம் கவென்ட்ரியில் பிரவுன்ஸ் லேனுக்கு மாறி, 1992 வரை ஓடியது. நாலாயிரத்துக்கு மேல் வந்தன.

என்னை முடிவெடுக்க வைத்தது உதிரிப்பாகம்தான். டைம்லரில் இருப்பது ஜாகுவாரின் 4.2 லிட்டர் எக்ஸ்கே எஞ்சின். 1948-ல் அறிமுகமான வம்சம் அது. ஈ-டைப், எக்ஸ்ஜே6 என்று ஜாகுவார் கார்கள் பலவற்றிலும் ஓடி, கடைசியாக இந்த லிமோசினோடுதான் நின்றது. அதனால் கேஸ்கெட், கார்புரேட்டர் கிட், தண்ணீர் பம்ப் எதற்கும் அலைய வேண்டாம், ஜாகுவார்காரர்களிடமே கிடைக்கும். ஃபான்டத்திலும் எஞ்சின் சாமான் கிடைக்கும்தான். உடலில் அடிபட்டால்தான் சிக்கல். கையால் செய்த வண்டி என்பதால், ஒன்றின் கதவு இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தும் என்று நம்ப முடியாது. சனிக்கிழமை முகூர்த்தத்தை வைத்துக்கொண்டு வியாழக்கிழமை தகடு தட்டுகிறவரைத் தேட முடியுமா?

டைம்லரிலும் தலைவலி உண்டு. பின் பிரேக் டிஸ்க் சக்கரத்தில் இல்லை. நடுவில், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கிறது. அங்கே எண்ணெய் கசிந்தால் நேராக டிஸ்க்கில்தான் விழும். ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமானால் பின் அச்சுத் தொகுதி முழுவதையும் கீழே இறக்க வேண்டும். ஆனாலும் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், பின்னால் தனித்தனி சஸ்பென்ஷன். ஃபான்டம் கடைசிவரை பழைய முறையான டிரம் பிரேக்கிலேயே இருந்தது.

மறுவிற்பனை என்று பார்த்தால் டைம்லர் தோற்கும். பணத்தைப் போட்டுவைக்க நினைப்பவர்கள் ஃபான்டத்தையே வாங்கட்டும். எங்களுக்கு வண்டி உழைக்க வேண்டும். சேலையும் பூச்சடையுமாகப் பொம்பிளை ஏற உயரமான கூரை, தோழிகளுக்கு மடக்குச் சீட்டு, இது போதும்.

மாமிமார் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இது செத்த வீட்டுக்குப் போன காரோ?" பெரும்பாலும் ஆம். இங்கே இறுதிச்சடங்கு நிறுவனங்கள்தான் டிஎஸ்420-ஐ அதிகம் வைத்திருந்தன. வாங்குபவர் கோணத்தில் எனக்கு அது நல்ல செய்தி. மெதுவாக ஓடி, நேரத்துக்குச் சர்வீஸ் பார்த்த வண்டிகள் அவை. மாமிமாருக்கு மட்டும் கொஞ்சம் பக்குவமாகப் பதில் சொல்ல வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் பெயின்ட் பளபளப்பைப் பார்க்காமல் கீழே குனியுங்கள். ஷாசி இல்லாத வண்டி, கதவுக்குக் கீழே ஓடும் தகடு துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே போச்சு. துணி சுற்றிய சின்னக் காந்தத்தை அந்தத் தகடு நெடுக ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது இரும்பில்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய புட்டிப் பசை. அப்படி இரண்டு மூன்று இடம் தென்பட்டால், வெல்டிங் செலவைக் கேட்டுக்கொண்ட பிறகே விலை பேசுங்கள்.