கடலில் கரையும் குப்பைப் பை: ஐந்துக்கு மூன்று

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு மூன்று. குப்பை போடும் பையாக மட்டும் பார்த்திருந்தால் நாலு கொடுத்திருப்பேன், அட்டையில் சிரித்துக்கொண்டு நீந்தும் அந்த ஆமைக்காக ஒன்று குறைத்துவிட்டேன்.

திருவான்மியூரில் எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் வாங்கினேன். ஒரு சுருளில் 30 பை, 190 ரூபாய். கம்பெனி பேர் வேண்டாம், இதே பச்சை அட்டை, இதே இலைப் படத்தோடு இப்போது நாலைந்து பேர் விற்கிறார்கள். "என்ன அண்ணாச்சி, குப்பை போடற பைக்கு இந்த விலையா?" என்றதற்கு, "சோளத்துல செஞ்சது சார், கடல்ல போட்டாக்கூட கிருமியே தின்னுட்டுப் போயிடுமாம்" என்றார். அவர் சும்மா சொல்லவில்லை, அட்டையிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் போட்டிருக்கிறது.

பையாக எப்படி? தொட்டால் மெழுகுத் துணி மாதிரி மெத்தென்று இருக்கிறது, லேசாக மாவு வாசனை. காய்கறித் தோல், டீத்தூள், சாம்பாரில் மிஞ்சிய முருங்கைக்காய்ச் சக்கை எல்லாம் ஒரு நாள் தாங்குகிறது. ஒரு நாள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் வாங்கி வந்த மீனின் செதில், குடல் எல்லாவற்றையும் இதில் கட்டி வைத்துவிட்டு வெளியூர் போய், செவ்வாய்க்கிழமை காலை தூக்கினால், லிஃப்டில் இரண்டாவது மாடி வரும்போது அடி கழன்றுவிட்டது. அதற்கு மேல் விவரிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். மக்குகிற பை மக்கத்தானே செய்யும், அதனால் இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். எதிர் வீட்டு மாமி சொல்வார்.

சரி, ஆமை விஷயத்துக்கு, அதாவது கடலில் கரையுமா என்பதற்கு வருவோம். கடற்கரையில் ஒரு ஊறுகாய் ஜாடி நிறைய கடல் தண்ணீர் பிடித்து வந்து, பையில் ஒரு துண்டும் பால் கவரில் ஒரு துண்டும் வெட்டிப் போட்டு பால்கனியில் வைத்தேன். கொஞ்ச நாளிலேயே இரண்டின் மேலும் வழவழவென்று, குளத்துப் படிக்கட்டுப் பாசி போல ஒரு படலம். நுண்ணுயிர் வந்து ஒட்டிக்கொண்டாயிற்று, அட்டை சொன்னது சரிதான் போல என்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்து எடுத்துத் துடைத்தால், பைத் துண்டு விரலில் நைந்து வந்தது. பால் கவர் புத்தம் புதுசு, நீல எழுத்துகூட அழியவில்லை.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. பிளாஸ்டிக் மேல் உயிர் வாழ்வது வேறு, பிளாஸ்டிக்கைத் தின்பது வேறு. வாடகைக்குக் குடியிருப்பவர் வீட்டுச் சுவரையா தின்கிறார்? மிதக்கும் பிளாஸ்டிக் துண்டு மேல் தனியாக ஒரு நுண்ணுயிர் ஊரே இருக்கிறது என்பதை 2013ல் அமெரிக்க விஞ்ஞானிகள் விரிவாக எழுதி, அதற்கு 'பிளாஸ்டிஸ்பியர்' என்று பேர் வைத்தார்கள். அந்தக் குடிகளில் பலருக்கு பிளாஸ்டிக் வெறும் திண்ணைதான், சாப்பாடு தண்ணீரில் வருகிறது.

அதுவும் ஆழ்கடல் என்றால் கதையே வேறு. வெயில் இல்லை, அதனால் பிளாஸ்டிக்கை முதலில் நொறுக்கிக் கொடுக்கும் வேலையைச் செய்ய ஆளில்லை. தண்ணீர் நம் ஃபிரிட்ஜ் அளவுக்குச் சில்லென்று இருக்கும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். நுண்ணுயிர் இருக்கிறது, ஆனால் எல்லாமே நிதானம். பெரு நாட்டுப் பக்கம் பசிபிக்கில் 4,150 மீட்டர் ஆழத்திலிருந்து 2015ல் ஜெர்மானியர்கள் ஒரு பிளாஸ்டிக் பையையும் தயிர் மாதிரி ஒரு பால் பொருளின் டப்பாவையும் எடுத்தார்கள். பைக்குள் ஒரு கோலா டப்பா, அதில் 1988 டேவிஸ் கோப்பை டென்னிஸ் விளம்பரம், அதை வைத்துத்தான் பையின் வயதைக் கணக்குப் போட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் கடலடியில் கிடந்தும் பையோ டப்பாவோ சிதைந்ததற்கு அடையாளமே இல்லை. ஆனால் அவற்றின் மேல் இருந்த பாக்டீரியாக் கூட்டம் சுற்றியிருந்த சேற்றில் இருப்பதைப் போல இல்லாமல் வேறாக இருந்தது. குடி வந்துவிட்டார்கள், சுவரைத் தொடவில்லை. உலகிலேயே ஆழமான மரியானா அகழியில் 10,898 மீட்டரில்கூட ஒரு பை கிடப்பதை 1998லேயே படம் பிடித்திருக்கிறார்கள்.

"அப்போ பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியான்னு பேப்பர்ல வந்ததே" என்று தம்பி கேட்டான். வந்தது, 2016ல், ஜப்பானில் சகாய் என்ற ஊரில் பாட்டில் மறுசுழற்சி செய்யும் இடத்தில் கண்டுபிடித்தது. 30 டிகிரியில், தண்ணீர் பாட்டில் செய்கிற 'பெட்' பிளாஸ்டிக்கின் மெல்லிய படலத்தை ஆறு வாரத்தில் தின்றது. நம்ம ஊர் மார்கழி வெயிலுக்குச் சரி, கடலடிக்கு?

இந்தப் பைக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்தில் பலவகைப் பைகளை மூன்று வருஷம் மண்ணிலும் கடலிலும் போட்டுப் பார்த்து 2019ல் எழுதினார்கள். அதில் உரமாகும் பை கடல் தண்ணீரில் மூன்று மாதத்துக்குள் காணாமல் போனது, அதே பை மண்ணில் 27 மாதம் கழித்தும் இருந்தது. 'மக்கும்' என்று மட்டும் போட்டிருந்த இன்னொரு பை மூன்று வருஷம் கழித்தும் கடைச் சாமானைத் தாங்கியது. அதாவது கரையோரத்தில் இந்த ஜாதிப் பை கரையலாம். ஆனால் இதில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். 'பிஎல்ஏ' என்ற, சோளத்திலிருந்தே வருகிற பிளாஸ்டிக், ஜப்பானியர்கள் ஆழ்கடலில் இறக்கிப் பார்த்தபோது அசையவே இல்லை. அதற்கு 60 டிகிரி போலச் சூடு பிடிக்கும் பெரிய உரக்கிடங்கு வேண்டும். பாக்டீரியாவே உடம்பில் சேர்த்து வைக்கிற 'பிஎச்ஏ' என்ற வகை அங்கேயும் மக்கியது. என் அட்டையில் 'தாவர மூலப்பொருள்' என்று மட்டும் பெரிய எழுத்து. எது எத்தனை சதவீதம் என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் கிடைக்கவில்லை. ஆமை பேரில் ஒரு மதிப்பெண் போனது இதற்குத்தான்.

பள்ளிக்கரணையில், ஆழ்கடலுக்கு ஆளை இறக்கும் மத்ஸ்யா 6000 வாகனத்தைச் செய்கிற தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அதே சதுப்பு நிலத்தின் ஓரத்தில்தான் பெருங்குடி குப்பைமேடும். அந்தப் பக்கம் பைக்கில் போகும்போதெல்லாம் இந்த ஆமை ஞாபகம் வருகிறது.

காலையில் குப்பை வாங்க வரும் அக்காவிடம் இந்தப் பை பற்றிக் கேட்டேன். "எந்தப் பையா இருந்தா என்னா சார், நான் கிழிச்சுக் கொட்டித்தானே ஆவணும். பைக்குள்ள பிளேடு போடாதீங்க, அது போதும்" என்றார்.

வாங்கலாமா? வீட்டில் உரத்தொட்டி வைத்திருந்தால், பையைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுவதானால் வாங்குங்கள், என் தொட்டியில் சூடு குறைவு, நாலு மாதமாகியும் துண்டுகள் தெரிகின்றன, கரைந்துகொண்டுதான் இருக்கின்றன. தொட்டி இல்லாதவர்கள் வாளியில் பழைய நாளிதழ் விரித்துக்கொள்ளலாம், 190 ரூபாய் மிச்சம். மீன் கழிவை எதில் கட்டினாலும் அன்றைக்கே கீழே கொண்டுபோய்விடுங்கள்.

பால் கவர் துண்டைத் திரும்ப ஜாடியில் போட்டு வைத்திருக்கிறேன். மாவடு சீசன் வருவதற்குள் அந்த ஜாடி வேண்டும் என்று அம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டார்.