நல்ல கடிகாரம், பொல்லாத பூட்டு

நான் 420 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து வாங்கிய கைக்கடிகாரம் இப்போது 290 வெள்ளிக்குக் கிடைக்கிறது. வயிற்றெரிச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும். விலை இறங்கியதிலிருந்து, "தினமும் கட்டுகிறீர்களே, எப்படி இருக்கிறது, வாங்கலாமா?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். வாங்கிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. குளியலும் தூக்கமும் தவிர மற்ற நேரத்தில் கையைவிட்டு இறங்கியதில்லை. அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஜப்பானியத் தயாரிப்பு, வெளிச்சத்தில் மின்னேற்றிக்கொள்ளும் குவார்ட்ஸ், 39 மில்லிமீட்டர் அகலம், உடலும் செயினும் எஃகு, சஃபையர் கண்ணாடி, 100 மீட்டர் நீர்த்தாங்கல். இந்த வர்ணனைக்குப் பொருந்தும் கடிகாரங்கள் தேக்காவிலிருந்து ஆர்ச்சர்ட் சாலை வரை கண்ணாடிப் பெட்டிகளில் வரிசையாகக் கிடக்கின்றன. என் குறையும் அவற்றில் பலவற்றுக்குப் பொருந்தும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்; கோபம் வந்துவிட்டால் அப்புறம் மறந்துபோகும். பேட்டரி மாற்றும் தொல்லை இதுவரை இல்லை. அலுவலக விளக்கும் பஸ் நிறுத்தத்து வெயிலுமே அதற்குப் போதுமான சாப்பாடு. மாதத்துக்கு 15 விநாடி முன்பின்னாக ஓடலாம் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. என்னுடையது அதில் பாதிகூடத் தவறுவதில்லை, தவறினாலும் மாதாமாதம் அதே அளவுதான். இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏறக்குறைய 25 டிகிரி வெப்பத்தில் மிகச் சரியாக அதிரும்படி அதை வெட்டுகிறார்கள். குளிர்ந்தாலும் பின்தங்கும், சூடேறினாலும் பின்தங்கும். பனிக்காலம் என்ற ஒன்றே இல்லாத தீவில், மனிதத் தோலோடு ஒட்டிக் கிடக்கும் கடிகாரத்துக்கு அப்படி என்ன பெரிய வெப்பநிலை மாற்றம் வந்துவிடப்போகிறது?

கண்ணாடியைப் பற்றி ஒரு வரி போதும்: பஸ் கம்பியிலும் மின்தூக்கிக் கதவிலும் எத்தனையோ முறை இடித்திருக்கிறேன், ஒரு கீறல் இல்லை. தண்ணீரைப் பற்றியும் அதிகம் எழுத ஒன்றுமில்லை. 100 மீட்டர் என்பது சோதனைக்கூடத்து அழுத்தக் கணக்கு, அவ்வளவு ஆழத்துக்குப் போகலாம் என்ற உரிமச் சீட்டு இல்லை. நீச்சல்குளத்துக்குத் தாராளமாகப் போதும். நேரம் திருத்தும் சாவியை உள்ளே அழுத்தியிருக்கிறோமா என்று பார்த்துக்கொண்டால் சரி. கடலில் இறங்கினால் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும்.

இனி பூட்டு.

செயினின் இரு முனைகளையும் மணிக்கட்டுக்கு அடியில் சேர்க்கிற பாகத்தைச் சொல்கிறேன். இதில் போட்டிருப்பது பட்டாம்பூச்சிப் பூட்டு. இரு பக்கமும் பொத்தானை அழுத்தினால் இரண்டு இறக்கைகள் விரியும். மூடினால் எங்கே சேர்கிறது என்றே தெரியாமல் செயின் ஒரே வளையமாக ஓடும். கடையில் பார்க்கும்போது கண்ணைப் பறிக்கும். விற்பனையாளரும் அதைத்தான் இரண்டு முறை திறந்து மூடிக் காட்டுவார். அவர் சொல்லாமல் விடுவது, அதில் நீளத்தைக் கூட்டிக் குறைக்க ஓர் ஓட்டைகூட இல்லை என்பது. தளர்த்த வேண்டுமானால் ஒரு முழுக் கண்ணியைச் சேர்க்க வேண்டும், இறுக்க வேண்டுமானால் ஒரு முழுக் கண்ணியைக் கழற்ற வேண்டும். ஒரு கண்ணி ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். இடுப்புக்கு 8 மில்லிமீட்டர் ஒன்றுமில்லை. மணிக்கட்டுக்கு அது சிறைக்கும் விடுதலைக்கும் உள்ள தூரம்.

குளிர்நாட்டில் இருப்பவருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாமல் போகலாம். நம் பாடு அப்படியில்லை. சிங்கப்பூர்க்காரரின் மணிக்கட்டு ஒரு நாளில் பல முறை அளவு மாறுகிறது. காலையில் எழுந்ததும் ஒரு அளவு. தோ பாயோவில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சற்றுப் பருமன். பெருவிரைவு ரயிலுக்குள் நுழைந்ததும் சுருக்கம். அலுவலகத்தில் இன்னும் சுருக்கம். குளிரூட்டியை 25 டிகிரியில் வைக்கும்படி தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது, எங்கள் மாடியில் மேசைக்கு மேசை கம்பளிச் சட்டை தொங்குகிறது. அங்கே என் கடிகாரம் வளையல்போலச் சுழன்று முகப்பு உள்ளங்கைப் பக்கம் போய்விடும். மணி பார்க்கக் கையைத் திருப்ப வேண்டும், அல்லது மற்றக் கையால் தள்ளிவிட வேண்டும்.

பிறகு மதியச் சாப்பாடு. 1982 ஜனவரி 1 அன்று நம் நேரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டுக்கு இல்லை, ஒரு மணியை ஒட்டித்தான். அதாவது அலுவலகக்காரர்கள் எல்லாரும் சாப்பிட வெளியே இறங்குகிற அதே நேரம். மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்துக்கு நடந்து, இடம் தேடி, மின்விசிறிக்கு எட்டாத மேசையில் உட்கார்ந்து, உப்பும் மிளகும் தூக்கலாக ஒரு சூப்பைக் குடித்து முடிக்கும்போது கை வீங்கியிருக்கும். காலையில் சுழன்ற அதே செயின் இப்போது தோலில் கண்ணி கண்ணியாக அச்சுப் பதித்திருக்கும். கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்புவேன். கைக்கடிகாரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவதற்கு என் தாத்தா காலத்துச் சங்கிலிக் கடிகாரமே மேல்.

கடல் முக்குளிப்பவர்களுக்காக இதையெல்லாம் எவ்வளவு கவனமாக யோசித்திருக்கிறார்கள் தெரியுமா? முக்குளிப்பு உடைக்கு மேலே கட்டவேண்டும் என்று ரோலெக்ஸ் முக்குளிப்புக் கடிகாரங்களில் கிளைட்லாக் என்ற பூட்டு வைத்திருக்கிறார்கள். எந்தக் கருவியும் இல்லாமல் 2 மில்லிமீட்டர் படிகளில், ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் வரை நீட்டலாம். அந்த விலைக்கு நாம் போகவேண்டாம். சாதாரண ஜப்பானிய முக்குளிப்புக் கடிகாரங்களிலும் பூட்டுக்குள் மடித்துவைத்த நீட்டிப்பு ஒன்று இருக்கும். கடலுக்கு அடியில் போகிறவனுக்கு இத்தனை உபசாரம். பஸ் நிறுத்தத்திலிருந்து குளிரறைக்கும் குளிரறையிலிருந்து சாப்பாட்டுக் கடைக்கும் போகிற லட்சக்கணக்கானவர்களுக்கு ஒன்றுமில்லை. இன்னும் எரிச்சலூட்டுவது, மலிவான தகட்டுப் பூட்டுகளில் பக்கவாட்டில் மூன்று நான்கு ஓட்டைகள் இருப்பது வழக்கம். ஸ்பிரிங் பின்னை ஓர் ஓட்டை தள்ளிப் போட்டால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கிடைக்கும். விலை ஏற ஏற அழகு என்ற பெயரில் அந்த ஓட்டைகளை அடைத்துவிடுகிறார்கள்.

"செயின் பிடிக்கவில்லை என்றால் வாரைப் போட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். போட்டுப் பார்த்தாயிற்று. தோல் வார் நம் ஊர்க் காற்றுக்கு ஆகாது. ஈரப்பதம் சராசரியாகவே 80 சதவீதத்துக்கு மேல் இருக்கிற இடத்தில் மாட்டுத்தோல் எப்போது உலரும்? உட்புறம் கறுத்து, விளிம்பு உப்பி, வாடை வந்துவிடும். நைலான் வார் இலேசு, துவைக்கலாம். ஆனால் வியர்வையைக் குடித்துவிட்டு மாலைவரை வைத்திருக்கும், மின்தூக்கியில் பக்கத்தில் நிற்பவர் மூக்கைச் சுளிப்பார். ரப்பர் பரவாயில்லை. அதிலும் ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே ஆறேழு மில்லிமீட்டர் இருப்பதால் என் பழைய பிரச்சினை கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வருகிறது.

இந்த அலைச்சலில் தெளிவாகத் தெரிந்தது எடையின் விளையாட்டு. கேசியோ எஃப்-91டபிள்யூ 1989 முதல் விற்பனையில் இருக்கிறது. எடை 21 கிராம். அதைத் தளர்வாகக் கட்டினாலும் வைத்த இடத்தில் கிடக்கும், கட்டியிருப்பதே நினைவில் இருக்காது. என் எஃகுக் கடிகாரம் செயினோடு 140 கிராம். அவ்வளவு கனம் சற்றுத் தளர்ந்தாலும் எலும்பைத் தாண்டி ஓடும், சற்று இறுகினாலும் வெட்டும். கனமான கடிகாரத்துக்கு நுணுக்கமாகச் சரிசெய்யும் பூட்டு கட்டாயம். அது இல்லையென்றால் கடிகாரம் இலேசாக இருக்க வேண்டும். என்னுடையது கனமாகவும் இருக்கிறது, பூட்டும் பிடிவாதமாக இருக்கிறது.

போன மாதம் அந்தப் பூட்டே ஒரு முடிவுக்கு வந்தது. இறக்கையைச் செயினோடு சேர்க்கும் பின் நழுவி, பஸ்ஸில் கடிகாரம் மடியில் விழுந்தது. நல்லவேளை, உட்கார்ந்திருந்தேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழே சிறிய கடை வைத்திருக்கும் சீனப் பெரியவரிடம் எடுத்துப்போனேன். ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி அலமாரி, ஒரு முக்காலி, ஒரு மேசை விளக்கு, அவ்வளவுதான் கடை. உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு செயினைத் திருப்பினார். கண்ணிகளின் உட்புறத்தில் மிகச் சிறிய அம்புக்குறிகள் இருக்கும்; பின்னை எந்தத் திசையில் தட்டி வெளியேற்ற வேண்டும் என்பதற்கு. அம்பின்மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து எனக்குக் காட்டினார். பிளவுபட்ட கட்டையில் செயினைச் செருகி, ஊசி முனையை வைத்து, பொம்மைச் சுத்தியல் அளவில் ஒன்றால் இரண்டு தட்டு. பின்னோடு சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு பிசுக்கு வெளியே வந்தது. என் வியர்வையும் தோலும் சோப்பும் சேர்ந்த கலவை. அவர் முகம் மாறவில்லை. பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, "வாரம் ஒருமுறை கழுவு, இல்லாவிட்டால் இந்தப் பின்னை அரித்துவிடும்" என்றார்.

பிறகு ஓர் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே பழைய பூட்டுகள், அகல வாரியாக. செயினின் கடைசிக் கண்ணியை அளந்து, அதே 18 மில்லிமீட்டரில் ஒரு சாதாரண மடிப்புப் பூட்டை எடுத்தார். பக்கவாட்டில் நான்கு ஓட்டைகள். போட்டுவிட்டு, "வெளியே போய் வெயிலில் கொஞ்சம் நின்றுவிட்டு வா" என்றார். நின்றேன். திரும்பி வந்ததும் ஓர் ஓட்டை தள்ளிப் போட்டார். 25 வெள்ளி. சில்லறை திருப்பிக் கொடுக்கும்போது, அழகு போய்விட்டது என்று அவரே வருத்தப்பட்டுக்கொண்டார். போகட்டும். அன்றிலிருந்து மதியத்தில் கழற்றவும் இல்லை, அலுவலகத்தில் சுழலவும் இல்லை. மேக்ஸ்வெல்லில் மிகவும் புழுக்கமாக இருக்கிற நாளில் பல் குத்தும் குச்சியால் பின்னை அமுக்கி ஓர் ஓட்டை தளர்த்திக்கொள்கிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவர் முதலில் கடிகாரத்தையும் பிறகு குச்சியையும் பார்ப்பார், அவ்வளவுதான்.

மைத்துனர் மகன் தேசிய சேவையை முடித்துவிட்டு வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறான். சேவையின்போது கட்டிய பிளாஸ்டிக் கடிகாரத்தை மேசை இழுப்பறையில் போட்டிருந்தானாம். எடுத்தபோது வார் பிஸ்கட் மாதிரி உதிர்ந்ததாம். பாலியூரித்தேன் ஈரக்காற்றில் கிடந்தால் அப்படித்தான், கட்டினாலும் கட்டாவிட்டாலும் அது சிதையும். "மாமா, உங்களுடையதையே வாங்கிவிடட்டுமா, விலைதான் குறைந்திருக்கிறதே?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். இயந்திரம் பிரமாதம், கண்ணாடி பிரமாதம், இரவில் முட்கள் தெரிகிற தெளிவு பிரமாதம் என்று பத்து நிமிடம் புகழ்ந்துவிட்டு வேண்டாம் என்று சொன்னதால் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எட்டு மில்லிமீட்டருக்குக் குறைவாக மனிதனுடைய கை மாறாது என்று நம்புகிற நிறுவனத்துக்கு என் குடும்பத்திலிருந்து இரண்டாவது முறை பணம் போகக்கூடாது, அதுதான் காரணம்.

கேட்ட மற்றவர்களுக்கும் அதே பதில்தான்: வாங்காதீர்கள். கடையில் வேறு எதை எடுத்தாலும் முகப்பைப் பார்ப்பதற்கு முன்னால் திருப்பிப் போட்டுப் பூட்டைத் திறந்து ஓட்டைகளை எண்ணுங்கள். குளிரூட்டிய கடைக்குள் நின்று செயினை வெட்டி அளவெடுக்கச் சம்மதிக்காதீர்கள். நடந்து வேர்த்த கையோடு போங்கள்.

என்னுடையது நாளைக்கே தொலைந்துபோனால் நான் எதை வாங்குவேன் என்று மனைவி கேட்டாள். இதையேதான், 25 வெள்ளியைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு.