லீசுக்கு வீடு எடுப்போர் கவனத்திற்கு: உரிமையாளரைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

சென்னை மேடவாக்கத்தில் 7 லட்சம் ரூபாய் கொடுத்து 2 ஆண்டு லீசுக்கு ஒரு வீட்டில் குடியேறினோம். எட்டாவது மாதம் அந்த வீட்டின் உண்மையான உரிமையாளர் வாசலில் வந்து நின்று, நான்கு மாத வாடகை பாக்கியைக் கேட்டபோதுதான் நாங்கள் ஏமாற்றப்பட்டது தெரிந்தது. மாத வாடகை இல்லை, காலி செய்யும்போது முழுத்தொகையும் திரும்பக் கிடைக்கும் என்பதை நம்பி, என் தந்தையின் ஓய்வுக்காலப் பணத்தோடு மனைவியின் நகைகளை அடகு வைத்த தொகையையும் சேர்த்துக் கொடுத்திருந்தோம்.

வீட்டைக் காட்டியது ஒரு தரகு நிறுவனம். உரிமையாளர் வெளியூரில் இருப்பதாகவும் நிர்வாகம் முழுவதும் தங்கள் பொறுப்பு என்றும் கூறி, அவருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை மட்டும் காட்டினார்கள். மீதிப் பக்கங்களைக் கேட்டு வாங்கிப் படித்திருந்தால், அவர்கள் அந்த வீட்டை மாதம் 16,000 ரூபாய் வாடகைக்கு எடுத்திருந்த வெறும் வாடகைதாரர்கள் என்பதும், பிறருக்கு விட அவர்களுக்கு அனுமதியே இல்லை என்பதும் அன்றைக்கே புரிந்திருக்கும். எங்களிடம் வாங்கிய பணத்திலிருந்தே உரிமையாளருக்குச் சில மாதங்கள் வாடகை கட்டிவிட்டுப் பிறகு நிறுத்திக்கொண்டார்கள்; இப்போது அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது. உரிமையாளர் மீது எனக்குக் கோபமில்லை, அவரும் ஏமாந்தவர்தான்.

வழக்கறிஞரிடம் சென்ற பிறகே சட்டத்தை அறிந்துகொண்டேன். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் கொண்டுவரப்பட்ட 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். குடியிருப்பவர் வேறொருவருக்கு உள்வாடகைக்கு விடுவதானால் உரிமையாளருடன் தனியே துணை ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். எங்களிடம் அப்படி எதுவுமே இல்லை. அதுமட்டுமல்ல, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே கூறுகிறது. நாங்களோ 2 ஆண்டுக்கான ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி, தரகரின் கையொப்பத்தோடு பத்திரமாகப் பீரோவில் வைத்திருந்தோம்.

மின்கட்டண ரசீதில் உரிமையாளரின் பெயர் இருந்தது. சொத்து வரி ரசீதையும் வில்லங்கச் சான்றிதழையும் பார்த்துவிட்டு, குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உரிமையாளரின் தொலைபேசி எண் கிடைத்திருக்கும். அந்த ஒரு மாலை நேரத்தை நான் செலவிடவில்லை என்பதை நினைத்தால் இன்றும் இரவில் தூக்கம் வருவதில்லை.

காவல்துறையில் புகார் கொடுத்திருக்கிறோம். வங்கி வழியாகப் பணம் செலுத்தியதால் அதற்கான சான்று இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்த இன்னொரு குடும்பத்துக்கு அதுவும் இல்லை. இப்போது தரகர் வழியாக லீசில் குடியிருப்பவர்கள், ஒப்பந்தக் காலம் முடியட்டும் என்று காத்திருக்காமல், இந்த வாரமே உரிமையாளரை நேரில் சந்தித்து, உங்கள் பணம் அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள்.