தனியாக இருக்கும் பெரியவர்களுக்குப் பேச்சுத்துணை: சம்பள ஆளா, மாணவரா, போனா, பக்கத்துத் தெருக்காரரா?

என் பெரியம்மா வேலூர் சத்துவாச்சாரியில் தனியாக இருக்கிறார். வயது 79. முழங்கால் வலியைத் தவிர பெரிய நோய் எதுவும் இல்லை, தன் சமையலைத் தானே பார்த்துக்கொள்கிறார். மகன் பெங்களூரில், காட்பாடியில் ரயில் ஏறினால் நாலு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஆனாலும் அவர் மாதம் ஒருமுறை வந்துபோவதே கஷ்டம். நான் பாலாற்றுக்கு இந்தப் பக்கம், காந்திநகரில். ஒருநாள் சாயங்காலம் போனபோது, “காலைல பால்காரன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினேன், அதோட இப்பதான் வாயத் திறக்கறேன்” என்றார். சாப்பாடு, மருந்து எல்லாம் சரியாக நடக்கிறது என்று நாங்கள் நிம்மதியாக இருந்ததற்கு அது ஓர் அடி. அதற்குப் பிறகு இந்த மூன்று வருடத்தில் நாலு வழியையும் முயன்று பார்த்துவிட்டோம்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது சம்பளத்துக்கு ஆள் வைப்பது. 1900-ல் அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும் ஊர் இது, அதனால் வீட்டு நர்ஸ், அட்டெண்டர் கிடைப்பது மற்ற ஊர்களை விட எளிது. படுக்கையில் இருப்பவர், குளிப்பாட்டித் தூக்கி உட்கார வைக்க வேண்டியவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், பயிற்சி உள்ள ஆள்தான் வேண்டும். தன்னார்வலரை அந்த வேலைக்கு இறக்குவது இருவருக்குமே ஆபத்து. ஆனால் பேச்சுத்துணைக்கு இது சரிப்படவில்லை. இரண்டு மாதத்தில் மூன்று பேர் மாறினார்கள், ஒவ்வொருவரிடமும் பெரியம்மா தன் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. கடைசியாக வந்த பெண் அணைக்கட்டிலிருந்து விடிகாலையில் பஸ் பிடித்து வருபவள், 12 மணி நேர ஷிப்ட், உட்கார்ந்தாலே கண் சொருகும். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பெரியம்மாதான் அவளுக்கும் சேர்த்து சமைத்துப் போட்டார்.

அடுத்தது கல்லூரி மாணவர்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பவர்கள் வருடத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும், அதில் ஒரு பகுதியாக இரண்டு பையன்கள் சனிக்கிழமைகளில் வந்தார்கள். சொல்லப்போனால் இந்த நாலு வழியிலும் வீடு அதிகம் கலகலப்பாக இருந்தது அப்போதுதான். ஒருவன் வாட்ஸ்அப் வீடியோ காலைப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தான், இன்னொருவன் ஆரணிக்காரன், அவனிடம் பெரியம்மா 1989-க்கு முன்னால் வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தையும், பெரியப்பா வேலை மாற்றலாகிப் போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் போனதையும், அங்கே வாடகை வீடு தேடியதையும் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். எங்களிடம் கூடச் சொன்னதில்லை.

நவம்பரில் செமஸ்டர் தேர்வு வந்தது, அதற்குப் பிறகு லீவு, திரும்பி வந்தபோது பொறுப்பாளர் வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பெரியம்மா நாலைந்து சனிக்கிழமை முறுக்கு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். “இன்னா ஆச்சு அந்தப் புள்ளைங்களுக்கு, உடம்பு சரியில்லையா?” என்று என்னைக் கேட்பார். பையன்கள் மேல் தப்பில்லை, அனுப்பிய விதத்தில் தப்பு. இரண்டு வருடத்துக்கு ஒரே வீடு, தேர்வு மாதத்தில் வர முடியாவிட்டால் போனாவது பண்ண வேண்டும் என்று வைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. ஒருவரைப் பழக்கிவிட்டுச் சொல்லாமல் நிறுத்துவதற்குப் பழக்காமலே இருக்கலாம்.

போனுக்கு வருவோம். மத்திய அரசின் முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. பென்ஷன் சந்தேகம், வீட்டில் கொடுமை, சட்ட உதவி, மனசு தாங்காத நேரத்தில் ஆறுதல், எல்லாவற்றுக்கும் கூப்பிடலாம். காலண்டர் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். ஆனால் அது நாம் கூப்பிடும் எண். தினமும் நம்மைத் தேடிக் கூப்பிட ஓர் ஆள் தனியாக வேண்டும். எங்கள் உறவில் ஒரு அக்கா காலை 11 மணிக்குப் பத்து நிமிடம் பேசுகிறார், அக்னி நட்சத்திர வெயிலில் யாரும் வாசல் தாண்ட முடியாத நாட்களில் இதுதான் கைகொடுத்தது. காது மந்தமானவர்களுக்கு இது உதவாது. அப்புறம், ஃபிரிட்ஜில் மூன்று நாள் சாம்பார் இருப்பது போனில் தெரியாது.

நாலாவது வழி பக்கத்துத் தெருவிலேயே இருந்தது. ரிட்டயர் ஆன டீச்சர் ஒருவர், செவ்வாயும் வெள்ளியும் நாலரை மணிக்கு வருகிறார். பேசுவதற்கென்று வந்து எதிரில் உட்கார்ந்தால் யாருக்கும் வாய் வராது. அவர் வரும்போது தோட்டத்து முருங்கைக்கீரையை ஒடித்துக்கொண்டு வருவார். தரையில் பேப்பரை விரித்து, இருவரும் காம்பு காம்பாக உருவிக்கொண்டே இருக்க, பேச்சு தானாக நடக்கும். ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது பெரியம்மாவின் செருப்பு வார் பாதத்தில் பதிந்திருப்பதைப் பார்த்து, கால் வீங்கியிருக்கிறது என்று எனக்குப் போன் செய்தார். டாக்டர் பிரஷர் மாத்திரையை மாற்றினார். வாரம் இரண்டு முறை அதே கண் பார்ப்பதால் கிடைத்தது அது. கோழிக்கோட்டில் தீராத நோயாளிகளுக்காக 1993-ல் தொடங்கிய வலி நிவாரணப் பணி கேரளம் முழுக்க வேர் பிடித்ததும் இப்படி அந்தந்த ஊர்த் தொண்டர்களால்தான்.

இதிலும் கவனம் வேண்டும். ஏடிஎம் கார்டு, கையெழுத்து, சொத்துப் பேச்சு மூன்றிலும் வருகிறவர் தலையிடக் கூடாது என்று முதல் நாளே பேசிவிடுங்கள். பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கப் போவதாக இருந்தாலும் பிள்ளைகளுக்குத் தெரிந்து போகட்டும். வீட்டில் கேட்டது தெருவுக்குப் போகாத ஆளா என்பதும் முக்கியம். நம் ஊரில் தெலுங்கும் உருதும் வீட்டுமொழியாக உள்ள பெரியவர்கள் நிறைய, அவர்களுக்கு அந்த மொழி பேசுகிறவரையே தேடுங்கள். நடக்க முடிந்த ஆண்கள் பலருக்கு வீட்டுக்கு ஆள் வருவதை விட, கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் வரை ஒருவர் கூட நடந்து வருவதே பிடிக்கிறது.

என் தேர்வு டீச்சர்தான். போன் அதற்குத் துணை. போன வருடம் டீச்சர் மகள் பிரசவத்துக்கு மூன்று மாதம் போனபோது தடுமாறிப்போனோம், அதனால் இப்போது எதிர்வீட்டு அக்காவையும் மாதம் ஒருமுறை கூடவே உட்கார வைக்கிறோம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் இரண்டு மாதமாவது நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். நாலரைக்கு வரும் ஆளுக்காகப் பெரியம்மா நாலு மணிக்கே கதவுத் தாழ்ப்பாளை எடுத்து வைத்துவிடுகிறார்.